தாய்ப் பறவையின் கணக்கு

டில்லியின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது துவாரகா. முன்பு இதைப் பப்பன்கலான் என்றார்கள். வயல்களும் கிராமங்களும் இருந்த இடம். இன்று அடுக்கு மாடிகள் நிற்கின்றன. ஆனாலும் மழை மாதங்களில் காது கொடுத்துக் கேளுங்கள். காலி மனையிலிருந்தோ பூங்காவிலிருந்தோ மயில் அகவும் சத்தம் வரும்.

ஆண் மயில் தோகை விரித்து ஆடுவதை எல்லோரும் நின்று பார்க்கிறோம். பெண் மயிலை யாரும் பார்ப்பதில்லை. அது புதருக்குள் ஓசையின்றி முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அது ஏன் அங்கே உட்கார்ந்தது? எத்தனை முட்டை இட்டது? எத்தனை நாள் உட்கார வேண்டும்? நாம் அந்த முட்டையை எடுத்தால் என்ன ஆகும்? இந்தப் பாடத்தில் இவற்றைத் தெரிந்து கொள்வோம்.

ஒரே குடும்பம்

நம் வீட்டுக் கோழிக்கும் மயிலுக்கும் உறவு உண்டு. இரண்டும் ஒரே பறவைக் குடும்பம். காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவையும் இதே குடும்பம்தான். இமயமலையில் வாழும் அழகான கோழிகளும் இதில் சேரும். அவற்றைப் பெசன்ட் என்பார்கள். நாம் மலைக்கோழி என்று சொல்வோம்.

இந்தக் குடும்பத்துப் பறவைகள் பெரும்பாலும் தரையில் மேயும். காலால் மண்ணைக் கிளறும். தானியம், தளிர், பூச்சி, புழு தின்னும். ஆபத்து வந்தால் படபடவென்று மேலே எழும்பும். கொஞ்ச தூரம் பறந்து இறங்கிவிடும். இரவில் பல பறவைகள் மரக்கிளையில் அடையும்.

இந்தப் பறவைகளில் சேவலுக்குத்தான் நிறம் அதிகம். பெட்டை மண் நிறத்தில், சருகு நிறத்தில் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. பெட்டை பல நாட்கள் தரையில் உட்கார்ந்து அடைகாக்க வேண்டும். நரி, கீரி, காகம், பாம்பு ஆகியவற்றின் கண்ணில் படக்கூடாது. பளபளப்பாக இருந்தால் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். பெட்டையின் மங்கிய நிறம் அதன் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு.

எப்போது முட்டையிடும்?

முட்டையிடும் காலத்தைப் பெட்டைக்குச் சொல்வது எது? முக்கியமாகப் பகல் வெளிச்சம்.

குளிர்காலத்தில் பகல் குறைவு. குளிர்காலம் போகப் போகப் பகல் நீளும். இதைப் பெட்டையின் உடல் உணர்ந்து கொள்ளும். முட்டை உருவாகத் தொடங்கும். இமயமலைக் கோழிகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை முட்டையிடும். அப்போதுதான் பனி உருகும், தளிர் வரும், பூச்சிகள் பெருகும். குஞ்சு வெளியே வரும்போது தீனி தயாராக இருக்கும்.

மயிலுக்கு மழையும் முக்கியம். வட இந்தியாவில் அது மழைக் காலத்தை ஒட்டி முட்டையிடும்.

கோழிப் பண்ணையில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதற்குத்தான். வெளிச்ச நேரம் கூடினால் கோழி விடாமல் முட்டையிடும்.

ஒரு முட்டை கோழியின் உடலில் உருவாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் ஒரு கோழி ஒரே நாளில் பத்து முட்டை இட முடியாது. ஒன்று ஒன்றாகத்தான் இடும். இடையில் ஒரு நாள் ஓய்வு எடுக்கும். மறுபடி இடும்.

கூடு எங்கே?

தூக்கணாங்குருவி கூடு பின்னும். காகம் குச்சி அடுக்கும். கோழிக் குடும்பம் அவ்வளவு வேலை செய்வதில்லை. புதரடியிலோ, உயர்ந்த புல்லுக்குள்ளோ, பாறை ஓரத்திலோ காலால் மண்ணைக் கிளறும். வயிற்றை அழுத்தி ஒரு குழி செய்யும். சருகும் புல்லும் கொஞ்சம் சேரும். அவ்வளவுதான் கூடு.

கூடு சாதாரணமானது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெட்டை மிகவும் கவனமாக இருக்கும். மேலே மறைப்பு வேண்டும். வெயிலும் மழையும் நேராக விழக்கூடாது. தப்பி ஓட வழி வேண்டும். அருகில் தண்ணீரும் தீனியும் வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது.

நம் வீட்டுக் கோழியும் இப்படித்தான். முட்டையிடும் முன் அது கேறிக்கொண்டு அலையும். அடுப்படி, விறகுக் கட்டு, வைக்கோல் போர், பரண் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்க்கும். இருட்டான ஒரு மூலை பிடித்துவிட்டால் தினமும் அங்கேயே போகும். காட்டில் இருந்த பழக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

சில பறவைகளின் கணக்கைப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டு மலைக் காடுகளில் வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. இது தரையில் 4 முதல் 7 முட்டைகள் வரை இடும். 21 நாள் போல அடைகாக்கும்.

பெண் மயில் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைகள் இடும். 28 நாள் போல அடைகாக்கும்.

இமயத்தின் மோனல் கோழி உத்தராகண்டின் மாநிலப் பறவை. இது 3 முதல் 5 முட்டைகள் வரை இடும்.

சீர் என்னும் மலைக்கோழி புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் வாழும். இது 9 முதல் 14 முட்டைகள் வரை இடும்.

ஐரோப்பாவில் அதிகம் வளர்க்கப்படுவது கழுத்தில் வெள்ளை வளையம் உள்ள மலைக்கோழி. அதன் பூர்வீகம் ஆசியா. காட்டில் இருந்தால் இது 8 முதல் 15 முட்டைகள் வரை இடும். 24 நாள் போல அடைகாக்கும்.

முதல் முட்டையும் கடைசி முட்டையும்

இப்போது ஒரு கேள்வி. கோழி 12 முட்டைகளை 15 நாட்களில் இட்டது. முதல் முட்டைக்கு வயது 15 நாள். கடைசி முட்டைக்கு வயது ஒரு நாள். அப்படியானால் முதல் குஞ்சு முன்னாலும் கடைசிக் குஞ்சு பல நாள் பின்னாலும் வர வேண்டும் அல்லவா? ஆனால் எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே நாளில் வருகின்றன. எப்படி?

முட்டை இட்டவுடன் உள்ளே இருக்கும் கரு வளர்வதில்லை. அது சூட்டுக்காகக் காத்திருக்கும். எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பிறகுதான் தாய் முழுநேரமும் உட்காரும். அன்றுதான் எல்லாக் கருக்களும் ஒன்றாக வளரத் தொடங்கும். விதை மண்ணில் தூங்குகிறது, மழை பெய்ததும் எல்லாம் ஒன்றாக முளைக்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

இது குஞ்சுகளுக்கு மிகவும் தேவை. கோழிக் குஞ்சு பிறந்த அன்றே நடக்கும். தாய் அவற்றை உடனே மறைவான இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒன்று இன்றும் இன்னொன்று பத்து நாள் கழித்தும் வந்தால் தாய் எந்தக் குஞ்சைக் காக்கும்?

வெளியே வருவதற்கு முன்பே குஞ்சுகள் முட்டைக்குள் கீச்சிடும். தாய் மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். பிறக்கும் முன்பே தாயின் குரலைக் குஞ்சு தெரிந்து கொள்கிறது.

எடுத்தால் மேலும் இடும்

வயிற்றின் அடியில் போதுமான முட்டைகள் சேர்ந்துவிட்டன என்பதைப் பெட்டை தொட்டு உணர்கிறது. அப்போது அதன் உடலில் மாற்றம் வருகிறது. முட்டையிடுவது நிற்கிறது. வயிற்றுப் பகுதியில் இறகு உதிர்கிறது. சூடான தோல் முட்டையில் நேராகப் படுகிறது. பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால்? கூடு நிறையவில்லை என்று அதன் உடல் நினைக்கும். மேலும் இடும். காட்டில் 12 முட்டை இடும் வளையக் கழுத்து மலைக்கோழி, கூண்டில் ஒரு பருவத்தில் 40, 50 முட்டைகூட இடும். தாய்க்கு எண்ணத் தெரியாது. ஆனால் அதன் வயிற்றுக்கு ஒரு கணக்குத் தெரியும். அந்தக் கணக்கை நாம் கலைத்துவிடுகிறோம்.

நாட்டுக்கோழி வளர்க்கும் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. கூட்டில் ஒரு முட்டையை மட்டும் விட்டு மற்றதை எடுப்பார்கள். கூடு காலியாக இருந்தால் கோழி வேறு இடம் தேடும். ஒன்று கிடந்தால் அங்கேயே வந்து இடும். எந்தப் பள்ளியிலும் படிக்காமல் அவர்கள் கற்ற பாடம் இது.

கூண்டில் ஏன் அடைகாப்பதில்லை?

கூண்டில் வளரும் மலைக்கோழி நிறைய முட்டையிடும். ஆனால் பெரும்பாலும் அடைகாக்காது. நடக்கும் வழியிலும் தீனித் தொட்டி ஓரத்திலும் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று: மறைவு இல்லை. வெட்டவெளியான கூண்டில் பெட்டைக்குப் பயம். பயந்த பெட்டை உட்காராது.

இரண்டு: நெருக்கம். ஒரு கூண்டில் பல பெட்டைகள் இருக்கும். இருப்பது ஒரே ஒரு மறைவான மூலை. எல்லாம் அங்கேயே முட்டையிடும். குவியல் சேரும். அது யாருடைய கூடும் அல்ல. மிதிபட்டு முட்டைகள் உடையும். உடைந்ததைக் கொத்திப் பழகிய கோழி நல்ல முட்டையையும் கொத்தும்.

மூன்று: முட்டையைத் தினமும் எடுக்கிறோம். வயிற்றில் முட்டை படாததால் அடை உணர்வு வருவதில்லை.

நான்கு: தலைமுறை. பல தலைமுறைகளாக இயந்திரத்தில் பொரித்த பறவைகளில், அடைகாக்கத் தெரியாத பெட்டைக்கும் வாரிசு உண்டு. அப்படியே அந்தக் குணம் மங்கிப் போகிறது. பண்ணை வெள்ளைக் கோழி இதற்கு நல்ல உதாரணம். ஆண்டுக்கு 300 முட்டை போல இடும். அடைக்கு உட்காராது. அப்படிப்பட்ட கோழிகளையே மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான்.

எனவே கூண்டுக்குள் இலைதழை நிறைந்த கிளைகளைச் சாய்த்து வைப்பார்கள். அதன் பின்னால் பெட்டை மறைந்துகொள்ளும். செடிகளை வளர விடுவார்கள். இதனால் முட்டைகள் ஒழுங்காக ஓர் இடத்தில் கிடைக்கும். சில பெட்டைகள் அடைக்கும் உட்காரும்.

வளர்ப்புத் தாய்

இயந்திரம் வருவதற்கு முன் மலைக்கோழி முட்டையை யார் பொரித்தார்கள்? நாட்டுக்கோழிதான்! இங்கிலாந்தில் மலைக்கோழி வளர்த்தவர்கள் அடைக்கோழிகளை வாங்கி வரிசையாகப் பெட்டிகளில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மலைக்கோழி முட்டைகள். தினமும் ஒரு முறை கோழிகளை வெளியே எடுத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தார்கள். நம் ஊரில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பதும் இதே முறைதான்.

பிறகு பொரிக்கும் இயந்திரம் வந்தது. சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரம் சரியாக இருக்க வேண்டும். தாய்க்கோழி அலகால் முட்டையைப் புரட்டுகிறதே, அதுபோல இயந்திரமும் முட்டையைப் புரட்டும். இப்படி ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்க முடிந்தது.

ஆனால் இயந்திரத்தால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அது குஞ்சுக்குப் பாடம் சொல்லித் தராது. பருந்தின் நிழல் விழுந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் அசையாமல் படுத்துவிடும். எந்தப் பூச்சியைத் தின்னலாம் என்று தாய் கொத்திக் காட்டும். இரவில் எங்கே அடைவது என்று கூட்டிப் போகும். தாய் இல்லாமல் வளர்ந்த குஞ்சுக்கு இதெல்லாம் முழுமையாகக் கிடைப்பதில்லை.

இதை உலகம் அனுபவத்தில் கற்றது. பாகிஸ்தானில் இஸ்லாமாபாத் அருகே மார்கல்லா மலைகள் உள்ளன. அங்கே சீர் மலைக்கோழி அழிந்து போயிருந்தது. 1978 முதல் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். குஞ்சு பொரித்து வளர்த்து மலையில் விட்டார்கள். பல ஆண்டுகள் முயன்றும் அவை அங்கே நிலைத்துப் பெருகவில்லை. முட்டை பொரிப்பது பாதி வேலைதான். குஞ்சைக் காட்டில் பிழைக்க வைப்பதுதான் மீதிப் பாதி.

சராஹனில் ஒரு முயற்சி

இப்போது நம் நாட்டு இமாச்சலப் பிரதேசத்துக்குப் போவோம். சிம்லா மாவட்டத்தில் சராஹன் என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரம். பீமகாளி கோயிலால் புகழ் பெற்ற ஊர். இங்கே வனத் துறையின் மலைக்கோழி வளர்ப்பு மையம் உள்ளது.

இங்கே வளர்க்கப்படும் பறவையின் உள்ளூர்ப் பெயர் ஜுஜுராணா. பறவைகளின் அரசன் என்று பொருள். எல்லாப் பறவைகளும் ஓர் இறகு தந்து இதை உருவாக்கின என்று மலை மக்கள் கதை சொல்வார்கள். சேவலின் கழுத்தில் சிவப்பு, உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவு அழகு. பாகிஸ்தானின் வடக்குப் பகுதியிலிருந்து காஷ்மீர், இமாச்சலம் வழியாக உத்தராகண்ட் வரை உள்ள மலைக் காடுகளில் மட்டுமே இது வாழ்கிறது. உலகிலேயே இதன் எண்ணிக்கை சில ஆயிரம்தான்.

ஜுஜுராணாவைக் கூண்டில் வளர்ப்பது கடினம். சிறிய ஓசைக்கும் அஞ்சும். இன்னொரு வேறுபாடும் உண்டு. மற்ற மலைக்கோழிகளில் பெரும்பாலானவை தரையில் முட்டையிடும். ஜுஜுராணா பெரும்பாலும் மரத்தில் கூடு வைக்கும். 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தரையில் வைக்கோல் போட்டுக் காத்திருந்தால் பயன் உண்டா?

பறவைக்குத் தக்கபடி கூண்டு மாற வேண்டும். உள்ளே செடியும் புதரும் மரமும் வேண்டும். உயரத்தில் கூடு வைக்க இடம் வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி இடம் வேண்டும். முட்டையிடும் காலத்தில் பார்வையாளர் கூட்டம் அருகில் வரக்கூடாது. இப்படிப்பட்ட பொறுமையான வேலையின் பலனாக, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சராஹனில் ஜுஜுராணா குஞ்சுகள் பிறந்து வளர்ந்தன. தாயே அடைகாத்து வளர்த்த குஞ்சுகளும் உண்டு. 2007-இல் இமாச்சலப் பிரதேசம் ஜுஜுராணாவைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது.

அதே மாநிலத்தில் சாயில் பகுதியில் சீர் மலைக்கோழி வளர்க்கிறார்கள். 2019-இல் சிம்லா அருகே சேரி என்ற இடத்தில் சீர் கோழிகளைக் காட்டில் விட்டார்கள். அதன் பின் சராஹனில் பிறந்த ஜுஜுராணாக்களையும் காட்டில் விடும் முயற்சி தொடங்கியது.

கூண்டில் பிறந்த பறவை காட்டில் கூடு வைத்துக் குஞ்சு பொரித்தால்தான் இந்த வேலை முழுமை பெறும்.

காட்டோரப் பெண்கள்

பறவைக்குக் கூண்டு மட்டும் போதாது. திரும்பிப் போகக் காடு வேண்டும். காட்டை நம்பி மனிதர்களும் வாழ்கிறார்கள்.

இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்தில் பெரிய இமயமலை தேசியப் பூங்கா இருக்கிறது. ஜுஜுராணா வாழும் காடு அது. மே, ஜூன் மாதங்களில் மலைப் பெண்களும் ஆண்களும் காட்டுக்குள் போவார்கள். மூலிகை பறிப்பார்கள். குச்சி என்னும் விலை உயர்ந்த காளானைத் தேடுவார்கள். ஆட்டு மந்தைகளும் மேலே ஏறும். அதே மாதங்களில்தான் மலைக்கோழிகள் அடைகாக்கும். ஆள் வந்தால் தாய் கூட்டை விட்டு ஓடும். முட்டை குளிர்ந்துவிடும். நாய் வந்தால் முட்டையே போய்விடும்.

1999-இல் அரசு தேசியப் பூங்காவை முறையாக அறிவித்தது. காட்டுக்குள் போகும் உரிமை நின்றது. பறவைக்கு நன்மை வந்தது. மூலிகை விற்றுப் பிழைத்த குடும்பங்களுக்கு வருமானம் போனது. மூலிகைப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குத் துணிமணி வாங்கினார்கள். அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஊர்ப் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். மண்புழு உரம் தயாரித்து விற்றார்கள். காட்டுச் சர்க்கரைப் பாதாமி விதையிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. காட்டோரம் வாழும் மக்களின் வயிறு நிறைந்தால்தான் காட்டுப் பறவையின் கூடு பிழைக்கும். ஒன்றை மறந்து இன்னொன்றைக் காக்க முடியாது.

நம் வீட்டு அடைக்கோழி

ஊரில் கோழி வளர்ப்பவர்கள் பலர். காட்டுப் பறவையிடம் கற்றதை வீட்டில் பயன்படுத்துவோம்.

1. அடைக்கோழிக்கு இருட்டான, அமைதியான மூலை கொடுங்கள். நாயும் பூனையும் எலியும் அண்டக் கூடாது.

2. கூடையில் மணலோ உமியோ பரப்புங்கள். மேலே காய்ந்த வைக்கோல் போடுங்கள். நடுவில் குழிவாக இருக்கட்டும். குழி இல்லாவிட்டால் முட்டை ஓரத்துக்கு உருண்டு குளிர்ந்துவிடும்.

3. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளையே அடை வையுங்கள். விரிசல் விட்டது, மிகச் சிறியது, மிகப் பெரியது வேண்டாம். முட்டையைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேல் உள்ள பாதுகாப்புப் பூச்சு போய்விடும்.

4. ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். அதன் இறகுக்குள் அடங்காத முட்டை பொரிக்காது.

5. 7-ஆம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கூமுட்டை. எடுத்துவிடுங்கள்.

6. அருகில் தீனியும் தண்ணீரும் வையுங்கள். அடைக்கோழி நாளுக்கு ஒரு முறைதான் எழுந்து வரும்.

7. 18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். 21-ஆம் நாள் குஞ்சு வரும். ஓட்டை நீங்கள் உடைத்து உதவ வேண்டாம்.

8. குஞ்சுகளுக்குக் கால்நடை மருத்துவமனையில் கேட்டு, வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போடுங்கள். இந்த நோயை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். ராணிக்கெட் என்பது உத்தராகண்டில் உள்ள ஒரு மலை ஊர்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று சொல்லி ஆணியும் கரித்துண்டும் கூடையில் போடுவார்கள். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முட்டையைக் காப்பது ஆணி அல்ல. மழை ஈரம் படாமல், சூடு குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் காக்கும்.

அடை வேண்டாம் என்றால் சிலர் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள். மூக்கில் இறகைச் செருகுவார்கள். அது பெரிய வேதனை. காற்றோட்டமான கூடைக்குள், வைக்கோல் இல்லாமல் சில நாட்கள் விட்டால் போதும். வயிறு குளிர்ந்ததும் அடை தானாகத் தெளியும்.

மயில் முட்டையைக் கண்டால்

துவாரகாவில் மயில் புதரடியில் முட்டையிடும். சில சமயம் ஆள் போகாத மொட்டை மாடியிலும் இடும். தாய் அருகில் இல்லை என்றால் அநாதை முட்டை என்று எண்ண வேண்டாம். அது மேயப் போயிருக்கலாம். அல்லது இன்னும் எல்லா முட்டையும் இடவில்லை, அடைக்கு உட்காரவில்லை என்று பொருள்.

எடுத்து வந்து வீட்டுக் கோழிக்கு அடை வைக்கலாமா? கூடாது. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு தருகிறது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு.

நாம் செய்ய வேண்டியது எளிது. தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாயைக் கட்டி வையுங்கள். புதரை வெட்டுவதை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஆபத்து என்று தெரிந்தால் வனத் துறைக்குச் சொல்லுங்கள்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாகாது. தாய்க்குத் தன் காலை எங்கே வைப்பது என்று தெரியும். நம் காலை எங்கே வைப்பது என்று நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

புதிய சொற்கள்

அடை – முட்டைக்குச் சூடு கொடுக்கத் தாய் உட்காருவது
கூமுட்டை – குஞ்சு பொரிக்காத முட்டை
கரு – முட்டைக்குள் வளரும் உயிர்
சரணாலயம் – காட்டு உயிர்களுக்குப் பாதுகாப்பான இடம்

விடை சொல்லுங்கள்

1. பெட்டைப் பறவை ஏன் மங்கிய நிறத்தில் இருக்கிறது?
2. வேறு வேறு நாட்களில் இட்ட முட்டைகள் ஏன் ஒரே நாளில் பொரிக்கின்றன?
3. ஜுஜுராணா கூடு வைப்பதில் மற்ற மலைக்கோழிகளிடமிருந்து எப்படி வேறுபடுகிறது?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. கோழி முட்டை பொரிக்க ______ நாள் ஆகும்.
2. மயில் நம் தேசியப் பறவை ஆன ஆண்டு ______.
3. சராஹன் ______ மாவட்டத்தில் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

ஒரு தாய் 12 முட்டை அடை வைத்தார். 2 கூமுட்டை. மற்றவை பொரித்தன. பருந்து 2 குஞ்சுகளைத் தூக்கியது. வெள்ளைக் கழிச்சலில் 4 இறந்தன. மீதி எத்தனை? தடுப்பு மருந்து போட்டு அந்த 4 குஞ்சுகளும் பிழைத்திருந்தால் அவரிடம் எத்தனை இருக்கும்?

கூடிப் பேசுங்கள்

காட்டைப் பாதுகாக்க அரசு தடை போடுகிறது. அதனால் ஏழைக் குடும்பத்தின் வருமானம் போகிறது. இருவருக்கும் நன்மை வர என்ன செய்யலாம்? உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லுங்கள். ஒருவர் அதை எழுதி வையுங்கள்.